அப்பாவுக்குப் புரிந்ததா என்று கேட்டவர்கள்: ஓர் ஆய்வு ஒப்புதல் சேவையின் மதிப்பீடு

கடுமையாக நோயுற்றுக் கிடந்த என் அப்பாவிடம், மருத்துவ ஆய்வொன்றில் சேர ஒப்புதல் கேட்ட ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது. சிகிச்சையைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. அது நன்றாகவே நடந்தது, அப்பா இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறார். ஒப்புதல் கேட்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே பிரிவு முதல் முறை அதை மிக மோசமாகவும், இரண்டாம் முறை நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாகவும் செய்தது. முதல் முறைக்கு ஐந்தில் ஒன்றுதான் கொடுப்பேன். இரண்டாம் முறைக்கு நான்கு கொடுப்பேன். இடையில் மாறியது ஆளும் நேரமும் மொழியும்தான். மருத்துவமனையின் பெயரையும் அது இருக்கும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் முதல் முறை நடந்த தவறு அங்கே மட்டும் நடக்கும் தவறு என்று நான் நம்பவில்லை.

அப்பாவுக்கு 72 வயது. சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் 36 ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு சில ஆண்டுகள் குலை அறுத்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் தமிழைத் தடங்கலின்றிப் படிப்பார். தேசிய மொழியான மலாயில் கடைக்குப் போய் வரும் அளவுக்குப் பேசுவார், அதற்கு மேல் போனால் சிரித்துச் சமாளிப்பார். நீரிழிவு நோய் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதால் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அதற்காகக் கழுத்தில் வைத்திருந்த குழாயின் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. நடுக்கமும் காய்ச்சலுமாகத்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரை மணி இருக்கும். அன்று பிற்பகல்தான் டயாலிசிஸ் முடிந்து படுக்கைக்கு வந்திருந்தார். காய்ச்சல் 39 பாகையைத் தொட்டிருந்தது. காது கேட்கும் கருவியை வீட்டிலேயே விட்டிருந்தோம். மூக்குக் கண்ணாடி என் காரில் கிடந்தது. நான் கீழே மருந்தக வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் இளம் மருத்துவர் ஒருவர் வந்து, ஒரு மருந்தை இரண்டு அளவுகளில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வைப் பற்றித் தேசிய மொழியில் விளக்கியிருக்கிறார். உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அப்பா சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார். சேர விருப்பமா என்று கேட்டதும், "போலே, போலே" என்று, அதாவது மலாயில் சரி, சரி என்று, தலையசைத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது பதினோரு பக்கத் தகவல் தாள் படுக்கையின் ஓரத்தில் செருகிக் கிடந்தது. என்னப்பா இது என்று கேட்டேன். "வீட்டுக்கு அனுப்புற தாளும்மா. தொர கேட்டாரு, போட்டுட்டேன்" என்றார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதிலை விளக்கத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் வேலையாள் வரிசையில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அது எதற்கு என்று கேட்டவனுக்கு மறுநாள் மேட்டுக் காட்டில் வேலை விழும். அப்படி 36 ஆண்டு பழகிய கை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தாளை நீட்டியதும் தானாகவே எழுதிவிட்டது. ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கையெழுத்து, தெளிந்த மனத்தோடு போட்ட கையெழுத்தைப் போலவே நேராக இருந்தது. ஒப்புதல் கேட்பவர்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். புரியாமல் மறுப்பவரை எல்லோரும் கவனிக்கிறார்கள், புரியாமல் சம்மதிப்பவரை யாரும் கவனிப்பதில்லை.

பெயரும் இடமும் கிழமையும் தெரிந்திருப்பது, முடிவெடுக்கும் திறன் இருப்பதற்குச் சான்று ஆகாது. இந்தத் துறையில் பலரும் பின்பற்றும் அளவுகோலை அமெரிக்காவைச் சேர்ந்த பால் ஆப்பெல்பாம் என்ற மனநல மருத்துவரும் தாமஸ் கிரிஸ்ஸோ என்ற உளவியலாளரும் 1988-இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக வகுத்தார்கள். சொன்னதை ஒருவர் விளங்கிக்கொண்டாரா, விளங்கிக்கொண்டது தன் உடம்புக்கும் தன் நிலைமைக்கும் பொருந்தும் என்று உணர்கிறாரா, சேர்வதையும் சேராததையும் எடைபோட்டுக் காரணம் காட்ட முடிகிறதா, எடுத்த முடிவைத் தெளிவாகச் சொல்லி அதில் நிற்கிறாரா என்னும் நான்கையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்பாவிடம் அன்று மாலை பார்க்கப்பட்டது நான்காவது மட்டும்தான், அதுவும் அரைகுறையாக. அவர் தலையசைத்தார், தலையசைப்பு முடிவாகிவிட்டது.

இது என் அப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான லண்டன் ஆய்வொன்று, திடீர் நோயால் பொது மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் தங்கள் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோரைச் சிகிச்சையளித்த மருத்துவர்களே அடையாளம் காணவில்லை என்பதையும் அது காட்டியது. பேசுகிறார், சிரிக்கிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்றால் புரிந்துகொள்கிறார் என்று நாமும் நம்பிவிடுகிறோம். சிகிச்சைக்கே இப்படியென்றால், நோயாளிக்கு நேரடியான நன்மை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாத ஓர் ஆய்வுக்கு இன்னும் எவ்வளவு நிதானம் வேண்டும்?

அன்று இரவே பிரிவின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். இங்கிருந்துதான் என் மதிப்பெண் ஏறத் தொடங்குகிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் பிரிவின் பொறுப்பாளர் என்னைத் தேடி வந்தார். தற்காப்பாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆய்வு மருந்து இன்னும் தொடங்கப்படவில்லை என்றும், அந்தக் கையெழுத்தை ஒப்புதலாகக் கொள்ளப் போவதில்லை என்றும், அதைக் கோப்பில் எழுதி நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிப்பதாகவும் சொன்னார். பிறகு ஆய்வுத் தாதி ஒருவரை அனுப்பினார். அவரும் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: அப்பா வீட்டில் எந்த மொழியில் யோசிப்பார், கண்ணுக்கும் காதுக்கும் என்ன போட்டுக்கொள்வார், ஒரு நாளில் எந்த நேரத்தில் மிகத் தெளிவாக இருப்பார். மூன்றாவது கேள்வியை அதுவரை எந்த மருத்துவமனையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. விடிகாலை என்றேன். பால்வெட்டுக்குப் போனவர்கள் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனாலும் நாலரைக்கு விழித்துவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களிடம் முக்கியமான எதையும் பேச முடியாது.

அன்று மாலையே ஒருமுறை வந்து பார்த்தார், ஒப்புதல் கேட்பதற்காக அல்ல. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள் ஐயா என்றார். அப்பா ஞாயிறு, சனி, வெள்ளி என்று தொடங்கி, "வெள்ளிக்கிழம டயாலிசிஸ்" என்று சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தாதி அவரைத் திருத்தவில்லை; தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே வந்து எனக்கு விளக்கினார். மருத்துவர்கள் டெலீரியம் என்று அழைக்கும் திடீர் மனக்குழப்பம் அது. கிருமித் தொற்று, காய்ச்சல், இரத்தத்தில் தேங்கும் கழிவு, வலி மாத்திரை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து முதியவர்களுக்கு அதைக் கொண்டுவரும். நோயாளி கத்தி ஆர்ப்பாட்டம் செய்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பாவைப் போல அமைதியாக, பணிவாக, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிடப்பவரின் குழப்பம்தான் கண்ணுக்குத் தப்பிவிடும். அது திடீரென்று வந்து நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிறதா, கவனம் சிதறுகிறதா, பேச்சு தொடர்பற்றுப் போகிறதா, விழிப்பு நிலை மாறுகிறதா என்று பார்க்கும் முறையொன்றை ஷாரன் இனூயேவும் அவருடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்டார்கள்; படுக்கையருகே சில நிமிடங்களில் செய்யக்கூடியது அது. "இன்னிக்குக் கேட்டா நாம அப்பாகிட்ட கேக்கல, காய்ச்சல்கிட்ட கேக்கறோம் அக்கா" என்றார் அந்தத் தாதி. இரண்டு நாள் பொறுக்கலாமா என்று அவரே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்தார். இந்த ஆய்வில் அது முடிந்தது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசர ஆய்வுகளில் அப்படிக் காத்திருக்க இடமிருக்காது என்பதையும் அவரே சொன்னார்.

ஆறாம் நாள், சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு வந்தார். அப்பாவின் காதில் கருவி இருந்தது, மூக்கில் கண்ணாடி இருந்தது, காய்ச்சல் இறங்கியிருந்தது, முதல்நாள் டயாலிசிசின் களைப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்திருந்தது. திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். கிழமைகளை அப்பா ஒரே மூச்சில் பின்னோக்கிச் சொல்லி முடித்தார். அதன் பிறகு நடந்த நாற்பது நிமிடங்கள்தான் நான் இந்த மதிப்பீட்டை எழுதக் காரணம்.

தாதி ஒவ்வொரு பகுதியையும் சொல்லி நிறுத்தி, "நான் சொன்னத உங்க மக கிட்ட நீங்க சொல்லுங்க ஐயா" என்பார். புரிந்ததா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புரிந்ததா என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். அது கேட்டவரை அவமதிப்பதாக நினைப்பார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒளிய இடமில்லை. இரண்டு அளவு மருந்து இருக்கிறது, இரண்டும் இப்போது பழக்கத்தில் உள்ளவைதான், எது மேல் என்று இன்னும் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு என்பதை அப்பா தன் வார்த்தையில் என்னிடம் சரியாகவே சொன்னார். முதல் படியைத் தாண்டிவிட்டார் என்று நான் மகிழ்ந்தேன்.

ஆனால் உங்களுக்கு எந்த அளவு கிடைக்கும் என்று தாதி கேட்டதும், "டாக்டர் என் ஒடம்பப் பாத்து எது நல்லதோ அதப் போடுவாரு" என்றார் அப்பா. சொன்னது எல்லாம் விளங்கியிருக்கிறது; அது தனக்கு எப்படிப் பொருந்தும் என்பது மட்டும் விளங்கவில்லை. ஆய்வையும் சிகிச்சையையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் இந்தத் தவறான எண்ணத்துக்கு 1982-லேயே ஆப்பெல்பாமும் அவருடன் பணியாற்றியவர்களும் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அறிவுக் குறைவால் வருவதன்று அது. மருத்துவர் நம் நன்மைக்காகத்தான் எல்லாம் செய்வார் என்ற, மற்ற இடங்களில் முற்றிலும் நியாயமான நம்பிக்கையிலிருந்து வருகிறது. படித்தவர்களுக்கும் வருகிறது. எனக்கே அந்தத் தாளை முதலில் படித்தபோது வந்தது.

அதைத் தாதி கடந்த விதம் அழகானது. "தோட்டத்துல கூட்டுப் போட்டிருக்கீங்களா ஐயா?" என்றார். மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி என்று பத்துப் பேர் போட்டு, யாருக்கு இந்த மாதம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்த கதையை அப்பா உற்சாகமாகச் சொன்னார். யாருக்குப் பணம் அவசரமோ அவர்களுக்குத்தான் சீட்டு விழுமா என்று கேட்டார் தாதி. அது எப்படி விழும் என்று சிரித்தார் அப்பா. இந்த மருந்தும் அப்படித்தான், உங்கள் உடம்பைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார், கணினி சீட்டு எடுக்கும் என்றார் தாதி. அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப டாக்டரு எனக்காகப் பாத்துப் போடறது இல்ல, அப்படித்தானே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவரிடமிருந்து வந்தபோதுதான், மூன்று நாளுக்கு முன் போட்ட கையெழுத்து எவ்வளவு வெறுமையானது என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

கூடுதலாக என்ன செய்வார்கள் என்ற பகுதி வந்தது. குறிப்பிட்ட நாட்களில் தனியாக இரத்தம் எடுப்பார்கள். டயாலிசிஸ் நாளாக இருந்தால் இயந்திரக் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், மற்ற நாட்களில் ஊசிதான் என்று தாதி ஒளிக்காமல் சொன்னார். அப்பா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைய டயாலிசிசுக்குன்னு வச்சிருக்காங்க, அடுத்த மாசம் ஆப்பரேசன், இதுல குத்தவே கூடாதுன்னாங்க. வலது கையில இனிமே எடம் இல்ல. அதனால எனக்கு வேண்டாம்மா." பிஸ்டுலா அறுவைக்காக, அதாவது டயாலிசிஸ் ஊசி போடக் கையின் இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவைக்காக, ஒரு கையின் இரத்தக் குழாய்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. அப்பா அதை நினைவில் வைத்திருந்தார், ஆய்வு கேட்பதோடு பொருத்திப் பார்த்தார், எடைபோட்டார், முடிவைச் சொன்னார். ஆப்பெல்பாமும் கிரிஸ்ஸோவும் சொன்ன நான்கும் அந்த ஒரு பேச்சுக்குள் இருந்தன. தாதி அரை மணி கழித்துத் திரும்பி வந்து, அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். அதே பதில் வந்தது. "நல்ல காரணம் ஐயா" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் பயன்படுத்தியது ஆப்பெல்பாமும் கிரிஸ்ஸோவும் ஆய்வுகளுக்காக உருவாக்கி 2001-இல் வெளியிட்ட, முடிவெடுக்கும் திறனை மதிப்பிடும் மக்கார்தர் உரையாடல் கருவியின் அமைப்பை ஒட்டியது என்று பின்னால் விசாரித்து அறிந்தேன். அதில் இத்தனை மதிப்பெண் வாங்கினால் திறன் உண்டு என்ற வெட்டுக்கோடு கிடையாது; கேள்வி கேட்டவர் தன் மதிப்பீட்டைத் தானே செய்து அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நேரம் குறைவாக உள்ள இடங்களில் முதற்கட்டச் சோதனையாகப் பயன்படுத்த, கலிபோர்னியாவில் 2007-இல் வெளியான பத்துக் கேள்விக் கருவியொன்றும் உண்டு. எந்தக் கருவியானாலும் நோயாளிக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கேட்டால், அளக்கப்படுவது மொழியறிவாகத்தான் இருக்கும். முதல் மாலையே அப்பாவிடம் இந்தக் கேள்விகளைத் தேசிய மொழியில் கேட்டிருந்தால், திறன் இல்லாதவர் என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்கள். அதுவும் தவறாகவே முடிந்திருக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன், அப்பா மறுத்துவிட்டார் என்று கேட்டதும், "அப்பாவுக்கு ஒண்ணும் புரியலை, நாம கையெழுத்துப் போடுவோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆய்வில் சேர்ந்தால் பெரிய டாக்டர்கள் நன்றாகக் கவனிப்பார்கள் என்ற ஆசையில் சொன்னார். ஆனால் அப்பா தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட அன்று அவருக்குப் புரிந்ததா என்று அண்ணன் கேட்கவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை; காரணத்தோடு மறுத்தபோதுதான் அந்தச் சந்தேகம் எழுந்தது. இங்கிலாந்தின் 2005 மனத்திறன் சட்டம், பிறர் கண்ணுக்கு விவேகமற்றதாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காகவே ஒருவரைத் திறனற்றவராகக் கருதக் கூடாது என்று தன் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் 2008 சட்டத்திலும் அதே கொள்கை இருக்கிறது. மலேசியாவில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. மனநலச் சட்டம் 2001 மனநோயாளிகளைப் பற்றியது. ஆகவே இங்கே இந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஆய்வு நெறிகளின் மேலும், அவற்றைப் படுக்கையருகே கடைப்பிடிக்கும் ஆட்களின் மேலும்தான் விழுகிறது.

அன்று இரவு அப்பாவுக்கு மறுபடியும் குழப்பம் வந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், தோட்டத்துப் பால் வாளியைத் தேடினார். திங்கட்கிழமை காலை அண்ணன் தாதியிடமே போய், இப்போது அப்பாவால் முடிவெடுக்க முடியாதே, குடும்பம் முடிவெடுக்கலாம்தானே என்று கேட்டார். சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி கையெழுத்திட நெறிமுறை இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் தாதி நிதானமாகச் சொன்ன பதில், இந்தச் சேவையில் நான் கண்ட மிகச் சிறந்த கணம். பிரதிநிதி என்பவர் தன் விருப்பத்தைச் சொல்ல வருபவர் அல்லர், நோயாளி தெளிவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதைச் சொல்ல வருபவர். ஐயா தெளிவாக இருந்தபோதே சொல்லிவிட்டார், அது கோப்பில் இருக்கிறது, அதை நாம் மாற்ற முடியாது அண்ணா என்றார். ஒரு நோயாளியைச் சேர்த்தால் தன் பிரிவின் கணக்கில் ஒன்று கூடும் என்ற நிலையில் இருந்தவர் அதைச் சொன்னார்.

இப்படியெல்லாம் பார்த்தால் கடுமையாக நோயுற்றவர்களை ஆய்வுகளிலிருந்து ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாஜி மருத்துவர்களின் விசாரணையில் பிறந்த 1947-இன் நியூரம்பெர்க் நெறி, பங்கேற்பவரின் சுய ஒப்புதலே இன்றியமையாதது என்று வைத்தது. அதை அப்படியே கடைப்பிடித்தால் மயக்கத்தில் இருப்பவர்களுக்கான மருந்துகளை ஒருபோதும் ஆராய முடியாது. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் கொண்டுவந்த ஹெல்சின்கி பிரகடனம்தான் பிரதிநிதியின் ஒப்புதலுக்கு வழி திறந்தது. அப்பாவைப் போன்ற டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எந்த அளவு மருந்து சரி என்பதை அவர்களைப் போன்றவர்களிடம் சோதித்துத்தான் அறிய முடியும். சேர்க்க வேண்டும், சேர்க்கும் வழி சரியாக இருக்க வேண்டும். திறனற்ற நிலையில் சேர்க்கப்பட்டவர் தெளிந்ததும் அவரிடமே மறுபடி கேட்பதும், வேண்டாம் என்றால் விட்டுவிடுவதும் அந்த வழியின் பகுதி.

குறைகளுக்கு வருகிறேன். அந்தப் பிரிவில் தமிழ் பேசும் தாதி ஒருவர்தான். அவர் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பொறுப்பாளரிடம் திருப்தியான பதில் இல்லை. படிக்கத் தெரியாத நோயாளியிடம் ஒப்புதல் கேட்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் பேச்சு முழுவதும் உடனிருக்க வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளை நடத்தும் முறையை வகுக்கும் நற்செயல் நெறி சொல்கிறது. மலேசியா அந்த நெறியை 1999-இல் முதன்முதலாக வெளியிட்டு 2018-இல் நான்காம் பதிப்பும் கொண்டுவந்திருக்கிறது. கண்ணாடி இல்லாமல், தெரியாத மொழித் தாளின் முன் படுத்திருந்த அப்பா அன்று படிக்க முடியாதவர்தானே? சாட்சியாக யாரும் இல்லை.

பெரிய குறை தமிழ்த் தாள். முதல் மாலை அது கொடுக்கப்படவே இல்லை. கேட்ட பிறகு வந்தது. வந்ததைத் தமிழாசிரியையான நானே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று இருந்ததை அப்பா, எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பார்கள் என்று வாசித்தார். 'பாதக நிகழ்வுகள்' என்பதைப் பார்த்து, யார் என்ன பாதகம் செய்தார்கள் என்று கேட்டார். அவர் அகராதியில் பாதகம் என்றால் பாவம். சொற்கள் இலக்கணப்படி சரியானவை, நோயாளிக்கு எட்டாதவை. தகவல் தாளே தவறாகப் புரியும்படி இருந்தால், புரியாத நோயாளியைத் திறனற்றவர் என்று எழுதுவது எப்படி நியாயமாகும்?

இந்தச் சேவையைச் சந்திக்கப் போகும் குடும்பங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கண்ணாடியும் காதுக் கருவியும் முதல் நாளிலிருந்தே படுக்கையருகே இருக்கட்டும். மாலையில் கேட்டால், நாளைக் காலை வரலாமா என்று கேளுங்கள். அவசர ஆய்வாக இல்லாவிட்டால் மறுக்கக் காரணம் இருக்காது. தமிழ்த் தாள் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். பதிவு எண்ணும், 2002 முதல் இயங்கும் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் வழியும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதை உங்கள் பெரியவர்கள் தங்கள் வாயால் சொல்லும் வரை விடாதீர்கள்.

அப்பா வீடு திரும்பியபின் தமிழ்த் தாளில் கடினமான சொற்களைக் குறித்து, மாற்றுச் சொற்களோடு அந்தப் பிரிவுக்கு எழுதினேன். திருத்திய தாள் எதுவானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றுத்தான் பயன்படுத்த முடியும் என்று பொறுப்பாளர் பதில் எழுதினார். சில வாரங்களில் வரைவு ஒன்றை எனக்கு அனுப்பிக் கருத்தும் கேட்டார். 'சீட்டுக் குலுக்கி எடுப்பது போல' என்ற வரி அதில் இருந்தது. அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, ஒரு பக்கமும் விடாமல் படித்தார். ஆறாம் பக்கத்தின் அடியில், சேராவிட்டாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் குறையாது என்றிருந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். "இத மொதப் பக்கத்துல போடச் சொல்லும்மா" என்றார். அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.